வள்ளத்தின் மறுபக்கம்

மாக்கிறட் அன்ரி தெற்கே கைகாட்டினார். உம்மா வடக்கே கைகாட்டினார். இருவருக்கும் நடுவில் நளீர் நானா தன் வள்ளத்தின் எஞ்சினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் காட்டியிருந்தா எனக்கும் அல்லாஹ்வில ஈமான் கூடியிருக்கும்," என்றார்.

என் தம்பி ஃபாஹிமும் மாக்கிறட் அன்ரியின் மகன் நிக்சனும் முதல் நாள் விடியற்காலையில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். மத்தியானம் திரும்பியிருக்க வேண்டும். இரவும் வரவில்லை. இருவரின் தொலைபேசிகளும் ஓய்ந்துவிட்டன. கடற்படையினர் வெளிக்கடலில் தேடப் போயிருந்தார்கள். கரையோரம் தேட ஆள் இருந்தது, எண்ணெய் இல்லை. நாடு முழுக்க மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடம் அது. கண்டக்குழிக் கரையில் வள்ளங்கள் வேலையில்லாமல் படுத்துக் கிடந்தன. வீடு வீடாகப் போய் அடுப்பெரிக்க வைத்திருந்த போத்தல்களையெல்லாம் சேர்த்து ஊற்றியதில் ஒரு கான் நிரம்பியது. அது ஒரு பக்கம் போய்வர மட்டுமே காணும்.

தெற்கே போனால் அன்னம்மாள் கோயில் இருக்கும் தலவிலை. வடக்கே போனால் பத்தலங்குண்டுத் தீவு. பிழையான பக்கம் போனால் இரண்டு பெடியன்களும் இன்னொரு நாள் தண்ணீரில்லாமல் வெயிலில் கிடப்பார்கள். அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிவில்லை.

"விடியக்காலம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கேக்க நெஞ்சுக்குள்ள ஒரு சூடு வந்துது, றஹ்மத் அக்கா," என்றார் மாக்கிறட் அன்ரி. "அன்னம்மா பிள்ளைகளைத் தன்ட கோயிலடிக்குக் கூப்பிட்டிட்டா. இது நம்புறதில்ல. தெரியிறது."

"எனக்கும் சுபஹுத் தொழுகையிலதான் தெரிஞ்சுது," என்றார் உம்மா. "பத்தலங்குண்டுப் பக்கம். வல்லாஹி."

"உங்களுக்கு அது பிறப்போட வந்தது, அக்கா. நான் அப்பிடியில்ல. என்ட மனிசன் செத்தாப் பிறகு நாலைஞ்சு வருசம் நான் கோயில் வாசலை மிதிக்கல்ல. கடவுளோட கதையே இல்ல. பிறகு ஒருநாள் தலவிலை மணலில அப்பிடியே முழங்காலில விழுந்தன். ஆரும் சொல்லித்தந்து வந்ததில்ல. நானே அனுபவிச்சது. அனுபவிச்ச ஆளின்ட சொல்லுக்கு ஒரு பெறுமதி இருக்குத்தானே? எங்கட வேதம் உண்மை எண்டதுக்கு எனக்கு இதைவிட வேற சாட்சி தேவையில்ல."

உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்தார்.

"இருக்கு மாக்கிறட், நான் இல்லையெண்டு சொல்லல்ல. தொண்ணூறில முஸ்லிம் ஆக்களையெல்லாம் மன்னாரை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்க. ஒரு பையோட வந்தம். வீடு போச்சு, வள்ளம் போச்சு, தோட்டம் போச்சு. தொழுகை போகல்ல. நான் அதைப் பிடிச்சுக்கொண்டு வரல்ல. அது என்னைப் பிடிச்சுக்கொண்டு வந்துது. அதுவும் அனுபவிச்சதுதானே. அதுக்குப் பெறுமதி இல்லையா?"

மாக்கிறட் அன்ரி தலையாட்டினார்.

"இருக்கு," என்றார். "ஆனா தெற்குத்தான்."

எனக்குப் பயம்தான், ஆனால் பயம் மட்டுமில்லை, ஒரு பரபரப்பும். நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில், பனி பெய்யும் தேசங்களில், ஆட்கள் கடவுளைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடுவார்கள். அவர்களில் ஒருவரும் கானில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கேட்டதில்லை. இங்கே அதே கேள்வி என் கண் முன்னால், வெறுங்காலோடு, ஈர மணலில் நின்றுகொண்டிருந்தது. இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். இருவரின் கண்களிலும் ஒரே வெளிச்சம்.

"அன்ரி, நீங்க முழு நிச்சயமாச் சொல்றீங்க. உம்மாவும் முழு நிச்சயமாச் சொல்றாங்க," என்றேன். "வள்ளம் ஒண்டுதானே. ஆரோ ஒருத்தர் இவ்வளவு நிச்சயமா இருந்தும் பிழைதானே?"

"நீ கண்டதையும் வாசிச்சுக் கெட்டுப்போயிட்டாய்," என்றார் உம்மா.

"ஓம், அதுதான்," என்றார் மாக்கிறட் அன்ரி.

"சரி, போதும்," என்று நளீர் நானா கானைத் தூக்கினார். "வெயில் ஏற முதல் நான் இறங்கோணும். தெற்கே போய்க் கிடைக்காட்டி றஹ்மத் ராத்தாட முகத்தில முழிக்க ஏலாது. வடக்கே போய்க் கிடைக்காட்டி மாக்கிறட் அக்கா எனக்கு ஆயுசுக்கும் மீன்குழம்பு தரமாட்டா. ஆர் முடிவு சொல்றது?"

அந்த நேரம் மாக்கிறட் அன்ரியின் தொலைபேசி அடித்தது. அவருடைய தங்கை, தலவிலைக் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்பவள். அன்ரி கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மலர்ந்தது, பிறகு வாடியது.

"என்னவாம்?" என்றார் உம்மா.

"முருகைக்கல் பாருக்கு வெளியே ஒரு வள்ளம் நிக்குதாம். ஆக்கள் படுத்திருக்கிறாங்களாம். அங்கயும் ஒருத்தரிட்டயும் எண்ணெய் இல்ல, கிட்டப் போய்ப் பாக்க." அன்ரி தொலைபேசியைச் சட்டைக்குள் செருகினார். "அது நம்மட இல்ல. ஆரோ முஸ்லிம் ஆக்களின்டது."

"முஸ்லிம் ஆக்களெண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பெரிசாப் பச்சைப் பிறை போட்டிருக்காம். நம்மடதில நீலத்தில அன்னம்மாவின்ட பேரெல்லோ எழுதியிருக்கு. ஊருக்கே தெரியும்."

"என்ன நீலம்?" என்றார் உம்மா. "நம்மட வள்ளத்தில இருக்கிறது பச்சைப் பிறைதானே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

எங்கள் கரையில், கடலுக்குப் போகும் வள்ளத்தின் மூக்கை, முன்னணியத்தை, பெண்கள் குறுக்கே கடக்கக் கூடாது. கடந்தால் மீன் படாது என்பார்கள். பெடியன்களின் வள்ளம் நிறுத்தப்படும் இடம் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில், பின்பக்கம் தண்ணீரில். போன மாதம் பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும், நிக்சன் தன் தாய் பார்க்கும் பக்கத்தில் 'அன்னம்மாள் துணை' என்று எழுதினான். ஃபாஹிம் எங்கள் வீடு பார்க்கும் பக்கத்தில் பிறையை வரைந்தான். இரண்டு பேருக்கும் பெயின்ற் வாளியைப் பிடித்துக்கொண்டு முன்னணியத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தவள் நான். ஒரு தாயும் மற்றப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

"ரெண்டு பக்கமும் நம்மடதுதான்," என்றேன். "அது அவங்கதான் உம்மா. அன்ரி, அது அவங்கதான்."

நளீர் நானா அதற்குள் வள்ளத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டார். "பிறையெண்டு முதலே சொல்லியிருக்கலாமே. உங்க ரெண்டு பேரையும் தவிர ஊருக்கே தெரியும்."

நான் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறிக் குந்தினேன். "இறங்கு பிள்ளை," என்றார் அவர்.

"முன்னணியத்தைக் கடந்தாச்சு. ஏறினா மட்டும் என்ன?"

அவர் சிரித்துவிட்டு எஞ்சினை இழுத்தார்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் அறிந்ததில்லை. ஒவ்வொரு அலையிலும் வள்ளம் எகிறி விழுந்தது. உப்புத் தண்ணீர் வாய்க்குள் வந்தது. கரையில் தென்னைகள் பின்னால் ஓடின. உல்லாச விடுதிகளின் ஓலைக் கூரைகள் ஓடின. தலவிலைக் கோயிலின் வெள்ளைச் சுவர் மரங்களுக்கிடையே தெரிந்தபோது நான் எழுந்து நின்றேன். நளீர் நானா கையைப் பிடித்து என்னை இழுத்து இருத்தினார்.

பிறை தெரிந்தது. நான் வரைய உதவிய கோணல் பிறை, கீழ்க்கொம்பு சற்றுத் தடித்தது.

ஃபாஹிம் துடுப்பில் சாரத்தைக் கட்டி ஆட்டினான். உதடு வெடித்திருந்தது. போத்தல் தண்ணீரை முதலில் நிக்சனிடம் கொடுத்தான். எஞ்சின் பழுதாகி, நங்கூரக் கயிறு அறுந்து, இரவு முழுக்க நீரோட்டத்தில் வந்திருக்கிறார்கள்.

"நாங்க வருவோமெண்டு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்க? மௌத்துத்தான் எண்டு நூறு வீதம் தெரியும்," என்றான் ஃபாஹிம். "நெஞ்சுக்குள்ள அப்பிடி ஒரு நிச்சயம். கலிமாவும் சொல்லி முடிச்சிட்டன்."

"நான் பாவசங்கீர்த்தனமே செஞ்சிட்டன்," என்றான் நிக்சன். "சுவாமி இல்லாததால இவனிட்ட."

"என்ன பாவம்?"

"அதைச் சொல்லமாட்டன்," என்றான் ஃபாஹிம், மிகவும் கடுமையாக.

அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினோம். கரை நெருங்க நெருங்க இரண்டு உருவங்கள் தண்ணீருக்குள் இறங்குவது தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பெடியன்களின் வள்ளம் தரை தட்டியதும் உம்மா முன்னணியத்தைக் கடந்து அந்தப் பக்கம் ஓடினார், மாக்கிறட் அன்ரி இந்தப் பக்கம் ஓடினார். அவசரத்தில் உம்மா நிக்சனையும் அன்ரி ஃபாஹிமையும் கட்டிப்பிடித்தார்கள். பிடித்தவனை விடவும் இல்லை.

உம்மாவின் தோளுக்கு நேரே நீல எழுத்து. அன்ரியின் முகத்துக்கு நேரே பச்சைப் பிறை. இருவரும் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நான் தெற்கெண்டுதானே சொன்னன்," என்றார் மாக்கிறட் அன்ரி, அழுதுகொண்டு.

"பிறையைக் கண்டுதானே பிடிச்சது," என்றார் உம்மா, அவரும் அழுதுகொண்டு.

"இவங்க ரெண்டு பேரும் சாகப்போறமெண்டு நூறு வீதம் நிச்சயமா இருந்தாங்களாம்," என்றேன் நான். "நெஞ்சுக்குள்ள தெரிஞ்சுதாம்."

"அது பயம்," என்றார் அன்ரி உடனே. "பயம் வேற."

"ஓம், அது ஷைத்தான்ட வேலை," என்றார் உம்மா. "அதை மாக்கிறட் சரியாச் சொன்னா."

நெஞ்சுக்குள் வரும்போது இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கும், எது எதென்று எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர்கள் பெடியன்களை வீட்டுப் பக்கம் இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள், இன்னும் ஆள்மாறி. யார் வீட்டில் முதலில் கஞ்சி என்று அடுத்த வாதம் தொடங்கியிருந்தது. கேள்வியை எனக்குள் வைத்துக்கொண்டு, வள்ளத்தின் முன்னணியத்தை மெதுவாக ஒருமுறை சுற்றி வந்து, அவர்களுக்குப் பின்னால் ஓடினேன்.