நான்காம் தடம்

அக்காளின் தாடை உடைந்த அறை, அவளுடைய பிறந்த வீட்டின் பின்புறத்தில் இருந்தது. ஒலி வெளியே போகாதிருக்கச் சுவர் முழுவதும் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, ஜன்னலைப் பஞ்சு மெத்தையால் அடைத்து வைத்திருந்தான் தம்பி. பாட்டுக்காகச் செய்த ஏற்பாடு, அடிப்பவனுக்கும் வசதியாகப் போயிற்று.

தம்பி லிப்ட் பழுதுபார்ப்பவன். இடித்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில், குப்பையோடு குப்பையாகக் கிடந்த நாலு டிராக் கேசட் ரெக்கார்டரைத் தூக்கி வந்து, பெல்ட் மாற்றி, துருவைச் சுரண்டி உயிர்ப்பித்திருந்தான். ஒரே நாடாவில் நான்கு தடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்தையோ குரலையோ தனித்தனியே பதிந்து, பிறகு நான்கையும் சேர்த்துக் கேட்கலாம். முதல் இரண்டு தடங்களில் வெல்டரின் டிரம். மூன்றாவதில் தம்பியின் கிடார். நான்காவதில் அக்காள் பாடியிருந்தாள். வெல்டர் அவளுடைய கணவன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். பதிந்ததை மூவரும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, ரெண்டாவது சரணத்துல நீங்க ஓடுறீங்க" என்றாள் அக்காள்.

"நான் ஓடுறேனா? நீதான் இழுக்குற."

"கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரில்ல ஓடுறீங்க! நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வரவேண்டியிருக்கு."

தம்பி சிரித்துவிட்டான். "விடுங்க அத்தான். டிரம்மைக் கொஞ்சம் இறக்கி, அக்கா குரலைத் தூக்கிவிட்டுட்டா யாருக்கும் தெரியாது."

வெல்டரும் சிரித்தான். பிறர் முன்னிலையில் அவன் எப்போதும் சிரிப்பவன். "சரி மச்சான், உங்க அக்காவே தூக்கலா இருக்கட்டும்."

ரெக்கார்டரில் நாடா உரசும் ஹெட்டைத் துடைக்கும் ஸ்பிரிட் தீர்ந்து போயிருந்தது. அதை வாங்கிவரத் தம்பி சைக்கிளை எடுத்தான். அவன் திரும்பியபோது, அக்காள் டிரம்முக்கும் சுவருக்கும் இடையில் மடங்கிக் கிடந்தாள். கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. உடைந்த பல் ஒன்று கம்பளியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிம்பல் என்ற பித்தளைத் தாளத்தட்டின் விளிம்பிலிருந்து இரத்தம் சொட்டியது. தகப்பனார் அவளுடைய வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வெல்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒயர் தடுக்கி விழுந்துட்டாடா" என்றார் தகப்பனார்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் முன்னாடி பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கென்ன தெரியும்? மாப்ள சொன்னாரு."

ஒயர் தடுக்கி விழுகிறவர்களின் கழுத்தில் ஐந்து விரல்களும் பதிவதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் போதும். அந்த வீட்டில் பார்க்க விரும்பியவன் தம்பி ஒருவனே.

மருத்துவமனையில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் இறுகக் கட்டினார்கள். அவளால் பேச முடியவில்லை. தாள் வாங்கி, "அடித்தார்" என்று ஒரே சொல்லை எழுதிக் காட்டினாள். "மருந்து மயக்கத்துல என்னமோ கிறுக்குறா" என்று தகப்பனார் அதைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பழம் வாங்கி வந்த வெல்டர், மற்றவர்கள் நகர்ந்த நேரம் பார்த்து அவள் காதருகே குனிந்தான். "சீக்கிரம் வீட்டுக்கு வா. மிச்சப் பல்லும் இருக்குல்ல?"

அவள் திரும்பக் கணவன் வீட்டுக்குப் போவதா என்பதைப் பெரியப்பா வந்து சொல்வதாக ஏற்பாடாயிற்று. அவர் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு இல்லை. போனால் உயிரோடு திரும்பமாட்டாள் என்பது தம்பிக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பெரியப்பா வரவிருந்த நாளன்று காலையில், இனி அந்த அறையே வேண்டாமென்று தம்பி அதைக் கலைத்தான். கம்பளிகளையும் டிரம்மையும் மைக் ஸ்டாண்டையும் கூடத்து மூலையில் கொண்டுவந்து குவித்தான். கடைசியாக ரெக்கார்டரைத் தூக்கப் போனவன், நான்காம் தடத்தின் பதிவு விசை போட்டபடியே இருப்பதைக் கண்டான்.

அவனுக்குப் புரிந்தது. அவளை அடிப்பதற்கு முன் வெல்டர் அவளுடைய பாட்டை அழிக்க முற்பட்டிருக்கிறான். ஆனால் நாடாவில் அழிப்பதென்று தனியாக ஒரு வேலை கிடையாது. புதிதாகப் பதிவதுதான் பழையதை அழிக்கிறது. வெறுமையாக்க வேண்டுமானால், முதலில் மைக்கின் ஒலியளவுத் திருகைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட வேண்டும். டிரம் அடிக்க மட்டுமே தெரிந்தவன், சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதுமென்று எண்ணிவிட்டான். மைக் திறந்தே இருந்தது.

தம்பி நாடாவைச் சுற்றி ஓடவிட்டுக் கேட்டான். கேட்டு முடித்ததும் அதை மறுபடி முதலுக்குச் சுற்றி வைத்தான்.

பெரியப்பா கூடத்தின் நடுவில் நாற்காலியிட்டு அமர்ந்தார். அக்காளை அழைத்துப்போக வெல்டரும் வந்திருந்தான். வெயில் கொதித்ததால் தெருக்கதவு அகலத் திறந்திருந்தது. எதிர்வீட்டு வாசலில் இஸ்திரிக்காரர் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்தது விழுந்தாச்சு. அதுக்காகப் புருஷன் வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா? மாப்ள தங்கமான மனுஷன். பெட்டியை எடும்மா."

அக்காள் எழுந்திருக்கவில்லை. தம்பி ரெக்கார்டரை ஆம்ப்ளிபையரோடும் பெரிய ஸ்பீக்கரோடும் இணைத்தான்.

"இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க பெரியப்பா."

"பாட்டுக் கேக்குற நேரமாடா இது?"

"பாட்டுத்தான். அக்கா கடைசியாப் பாடுனது."

"அதை ஊருக்கே போட்டுக் காட்டணுமா?" என்று தகப்பனார் இடைமறித்தார். "அண்ணனுக்குக் காதுல மாட்டிவிடு. போதும்."

தம்பி ஹெட்போனை அவருக்கு மாட்டி, அதன் செருகியை ஆம்ப்ளிபையரில் சொருகினான்; அது உள்ளே இருக்கும்வரை ஸ்பீக்கர் ஒலிக்காது. நாடா ஓடியது. பெரியப்பா தலையாட்டத் தொடங்கினார்.

"டிரம் பிரமாதம் மாப்ள!" என்று கத்தினார். காதை மூடிக்கொண்டவருக்குத் தம் குரலின் அளவு தெரிவதில்லை. "ஆனா இவ பாட்டைக் காணோமேடா! யாரோ பேசுற சத்தம்ல கேக்குது. 'யாரைப் பாத்துடி ஓடுறேன்னு சொன்ன'ன்னு... இது யாரு? மாப்ள குரலாட்டம் இருக்கே!"

எதிர்வீட்டில் இஸ்திரிப்பெட்டி நின்றது.

"அடிக்கிறான்டா! ஐயையோ, அவ கத்துறாளே, அடிக்கிறானே!"

"அது ஏதோ பழைய டேப்பு, கழட்டுங்க!" என்று பாய்ந்த வெல்டர், ஹெட்போன் ஒயரைப் பிடித்து ஆம்ப்ளிபையரிலிருந்து பிடுங்கினான்.

செருகி வெளியே வந்ததும் ஸ்பீக்கர் திறந்துகொண்டது. தெருவின் கடைசி வீடுவரை ஒலித்தது. டிரம் சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் மனிதச் சதையில் கை விழும் ஓசை. "வேணாங்க, வேணாங்க" என்ற அவள் குரல். பிறகு சிம்பலில் தலை மோதிய ஓசை. மோதியவளின் அலறலுக்கு மோதவைத்தவனின் தாளமே பின்னணியாக இருந்தது. இடையே கதவு கிறீச்சிட்டது. தகப்பனாரின் குரல் நிதானமாகச் சொன்னது:

"மாப்ள, கதவைச் சாத்திக்குங்க. தெருவுக்குக் கேக்குது."

வெல்டர் ரெக்கார்டரை நோக்கிக் காலை ஓங்கினான். தம்பி அதன்மேல் கவிழ்ந்து படுத்தான். வெல்டர் அவன் விலாவில் உதைத்தான்; மறுபடியும் உதைத்தான்; பிறகு, ரெக்கார்டரைப் பற்றியிருந்த வலது கையைக் குதிகாலால் மிதித்துத் திருகினான். விரல்கள் சுள்ளிபோல் முறிந்தன. தம்பி அலறினானேயொழியக் கையை எடுக்கவில்லை.

அக்காள் எழுந்தாள். மூலையில் கிடந்த மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வார்ப்பிரும்பு அடிப்பாகத்தை வெல்டரின் முழங்காலில் இறக்கினாள். அவன் மடங்கி விழுந்தான். எழ முயன்றபோது தோளில் இன்னொன்று விழுந்தது. அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. மூக்கின் வழியாக மட்டும் மூச்சு சீறியது. கம்பிகளுக்கிடையே இரத்தம் கசிந்தது.

"போதும்மா, செத்துருவாரும்மா!" என்று தகப்பனார் கெஞ்சினார். யாருக்காகவும் இதற்குமுன் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை. பிறகு, பழக்க தோஷத்தால், கதவைச் சாத்த ஓடினார்.

சாத்த முடியவில்லை. நிலைப்படியில் இஸ்திரிக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் தெரு.

"சாத்தித்தான் பாருங்களேன், பெரிய மனுஷரே" என்றார் இஸ்திரிக்காரர்.

பெரியப்பாவின் காதுகளில் ஹெட்போன் இன்னும் இருந்தது. அதன் ஒயர் தரையில் கிடந்தது. "நீயுமாடா? பெத்தவன்தானேடா நீ?" என்று தகப்பனாரைப் பார்த்துக் கத்தினார்.

அப்போது நாடாவில் ஒரு சொடுக்கு கேட்டது. அன்று வெல்டர் பதிவை நிறுத்திய இடம் அது. அதற்கப்பால் அவனால் அழிக்க முடியாத பழைய பாட்டு, ஒரு சொல்லின் பாதியிலிருந்து தொடங்கியது. ஸ்டாண்டை ஊன்றியபடி, கம்பி கட்டிய வாயோடு அக்காள் அதைக் கேட்டாள்.

இரண்டாவது சரணத்தில் டிரம் ஓடியது. அவள் குரல் ஓடவில்லை.