எப்போது திறக்கக் கூடாது

கோவை சரவணம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஏஐ ஏஜென்ட் தானாக ஒரு காரியம் செய்ய வேண்டுமென்றால் அதற்குச் சில கருவிகளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது என்று குறிப்பு எழுதுகிறவள் நான். ஏஜென்டுக்கு ஜாடை புரியாது, முகம் பார்த்து மனசை அறியத் தெரியாது. எழுதியிருந்தால் செய்யும். எங்கள் குடும்பத்தில் பிறந்தவளுக்குப் போய் இந்த வேலை கிடைத்தது கடவுளின் கிண்டல். ஆனைமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாரும் எதையும் நேராகச் சொன்னதில்லை.

அப்பா பாலுசாமிக்கும் அவர் அண்ணன் நாச்சிமுத்துப் பெரியப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டால், ‘அது கெடக்குது உடு’ என்பார்கள். நீரடித்து நீர் விலகாது என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அவர்கள் எங்கள் கிணற்றுமேட்டுக்கு வந்து பார்த்ததில்லை. மோட்டார் ஓடத் தேவையான த்ரீபேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வந்தாலும் முதலில் ஓடிப்போய் மோட்டாரைப் போடுகிறவருக்குத் தண்ணீர் என்றாகி, போன கோடையில் விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது.

அதன்பிறகு நான் கிணற்றுக்கு ஓர் ஏஜென்டை வைத்தேன். அப்பா குழாய்க்கு ஒன்று, பெரியப்பா குழாய்க்கு ஒன்று என்று தானாகத் திறக்கும் வால்வு மாட்டினேன். வாட்ஸப்பில் சொல்லிவிட்டால் போதும், கரண்ட் வந்ததும் ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும்.

குறிப்பு எழுதுவதற்காக இருவரையும் தனித்தனியே கேட்டேன். எப்போது திறக்க வேண்டும் என்பதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: என் முறையில், நான் கேட்டால். எப்போது திறக்கக் கூடாது என்று கேட்டதும் அப்பா ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டுத் தெம்பாக ஆரம்பித்தார். கரண்ட் இல்லாமல் வீணான முறையை மறுநாள் ஈடுகட்டக் கூடாது. ஒருவர் முறையில் மற்றவர் வால்வைத் திறக்கவே கூடாது. ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று யார் என்ன கதை சொன்னாலும் கூடாது. பெரியப்பா சொன்னதும் இதேதான், பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பும் அவ்வளவு தெளிவாக அமைந்ததில்லை. சண்டை நின்றது. எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் கேட்கிற ஒரே ஆள் அந்த ஏஜென்ட்தான்.

சித்திரையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து அடைப்பை எடுத்தோம். கண் விழித்ததும் ஜாதிக்காய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் போச்சா என்று கேட்டார். என்னைப் பற்றிக் கேட்கவில்லை, தான் எப்படி இருக்கிறோம் என்றும் கேட்கவில்லை. அம்மா போனபிறகு அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியம் தென்னைகளுக்கு நடுவே அந்தக் கன்றுகளை வைத்ததுதான். போச்சு என்று பொய் சொன்னேன். அப்பா முறை வந்தால் கரண்ட் இல்லை, கரண்ட் வந்தால் பெரியப்பா முறை. ஈடுகட்டக் கூடாது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்து ஒரு வரியை அழித்தால் தண்ணீர் ஓடும். அழித்தால் பெரியப்பா மறுபடி ஸ்டேஷனுக்குப் போவார். செய்வதறியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பாவே போன் செய்தார்.

“ஏங்கண்ணு, நீ கெணத்துல வெச்சது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குள் தண்ணீர்ப் பஞ்சாயத்து. இன்றைக்கு உங்கள் முறைதானே, கேட்டால் திறக்கும் என்று வெடுக்கென்று சொன்னேன். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாகவும், கூடாது கூடாது என்றே பதில் வருவதாகவும் சொன்னார். எந்த வால்வு என்று கேட்டேன்.

“அவனோடது” என்றார். “கன்னெல்லாம் வாடிப்போச்சுங் கண்ணு. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல.”

எடுப்பதற்கும் தடுப்பதற்கும் வரிவரியாக எழுதியிருந்தேன். கொடுப்பதற்குக் கருவியே இல்லை. அவர்கள் இருவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. போனை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முறையை விட்டுக்கொடுக்க ஒரு புதுக் கருவியை அங்கேயே எழுதினேன். எப்போது பயன்படுத்த வேண்டும் என்ற இடத்தில், தம்பி கேட்டால் என்று போடட்டுமா என்றேன்.

“வேண்டா அம்மணி. அவன் கேக்க மாட்டான். கேக்காமயே உடோணும்னு எழுதிப்போடு.”

அப்படியே எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் பயந்துபோய் அப்பாவுக்கு என்னவாயிற்று என்று கேட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்றேன்.

அப்பா ஊர் திரும்பியதும் நேராகக் கன்றுகளிடம்தான் போனார். எல்லாம் தளிர்விட்டிருந்தன. யார் தண்ணீர் விட்டது என்று என்னைக் கேட்டார். ஏஜென்டையே கேளுங்கள் என்றேன். ‘உங்கள் அண்ணன் தன் முறையை உங்களுக்கு விட்டுக்கொடுத்தார். நீங்கள் கேட்கவில்லை’ என்று பதில் வந்தது. அதை அப்பா இரண்டு தடவை படித்தார். எழுந்து பெரியப்பா வீட்டுக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். நடுவில் ஒரு வரப்புதான். போகவில்லை. அந்தக் குறிப்பில் இன்னும் ஏதாவது சேர்க்க முடியுமா என்று கேட்டார்.

“அண்ணன் மொறையில வெடியக்காலத் தண்ணி வேண்டா கண்ணு. வரப்பு வழுக்கும். முட்டிவலியோட வந்து நின்னுக்கிட்டிருப்பாரு. வெயில் ஏறுனதுக்கப்புறம் உடச்சொல்லு.”

பெரியப்பாவுக்கு முட்டிவலி இருப்பது எனக்கே தெரியாது. பேச்சுவார்த்தை இல்லாதவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“தெனமும் பாத்துட்டுத்தான இருக்கறேன்” என்றார் அப்பா.