கண்ணீர்ப் பேட்டி

கார்கிலில் சண்டை நடந்த வருஷம், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் குப்புராஜின் பெட்டிக்கடையில் ஒரு சாயங்காலம் இப்படி ஒரு மாலைப் பேப்பர் போஸ்டர் தொங்கியது: ‘எல்லையில் பதற்றம்! தாம்பரம் தப்புமா?’ பக்கத்திலேயே விமானப்படை நிலையம் இருக்கிறது அல்லவா, பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்துவிட்டு முகம் வெளிறிப்போனார்கள். எதிரே இஸ்திரி வண்டியில் நின்றிருந்த கன்னியம்மாவுக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போஸ்டரைப் பார்த்துப் பயப்படுகிற காலமெல்லாம் அவளுக்குத் தொண்ணூறாம் வருஷத்தோடு முடிந்துவிட்டது.

அடேயப்பா, அந்தத் தொண்ணூறு! குவைத்துக்குள் இராக் படை புகுந்தாலும் புகுந்தது, இங்கே மாலைப் பேப்பர்காரர்களுக்குத் தீபாவளி. ‘மூன்றாம் உலகப்போர் நாளை?’ என்று திங்கட்கிழமை கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை ‘உலகப்போர் தள்ளிப்போனது!’ என்பார்கள், மண்டபம் கிடைக்காமல் கல்யாணத்தைத் தள்ளிவைத்த மாதிரி. ‘விஷவாயு சென்னைக்கு வருமா?’ என்று கொட்டை எழுத்தில் அலறுவார்கள். பதறிப்போய் வாங்கிப் பிரித்தால், நாலாம் பக்கத்து மூலையில் ‘வராது’ என்று நாலு வரி இருக்கும். பாவிகள், அதைப் போஸ்டரிலேயே போட்டால் என்னவாம்?

இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் பக்கத்துக் காலனி ஸ்ரீநிவாசராகவன் சார். பென்ஷன்காரர். கெரசின் கிடைக்காமல் போய்விடும் என்று டின் டின்னாக வாங்கி பாத்ரூமில் அடுக்கிவிட்டு, சம்சாரத்தைப் பக்கத்து வீட்டில் குளிக்கவைத்த மகானுபாவர். சாயங்காலமானால் குப்புராஜ் கடை மிட்டாய் பாட்டில்களை நகர்த்தி வைத்துப் படைகளை அணிவகுக்க வைப்பார். “இது குவைத். இது சவூதி. நடுவுல பாலைவனம், கன்னியம்மா. ஆயில் பாலிடிக்ஸ்!” என்று தேன்மிட்டாய் பாட்டிலைக் கடலைமிட்டாய் பாட்டில்மேல் மோதுவார்.

கன்னியம்மாவுக்கு ஆயிலும் தெரியாது, பாலிடிக்ஸும் தெரியாது. அந்தத் தேன்மிட்டாய் பாட்டிலுக்குள்தான் எங்கேயோ அவள் புருஷன் துரை இருந்தான். குவைத்தில் ஒரு ஷேக் வீட்டில் டிரைவர். போன நாளிலிருந்து மாசம் தவறாமல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தவன், சண்டை வந்ததிலிருந்து மூச்சே காட்டவில்லை. உயிரோடு இருக்கிறானா, இல்லையா? அவளுக்கு வேண்டியது அந்த ஒரே சேதி. போஸ்டரோ தினமும் அதே கேள்வியைத்தான் கேட்டது: ‘குவைத் தமிழர்கள் கதி என்ன?’

“அண்ணா, உன் பேப்பர்காரன் டெய்லி கேட்டுக்கினே கீறானே, பதில எப்போ சொல்லுவானாம்?” என்றாள் ஒருநாள்.

“நான் இன்னாம்மே பண்றது? எனக்கு வர்றத நான் மாட்றேன்” என்றார் குப்புராஜ். பாவம், அவருக்கே அந்தப் போஸ்டரை அவள் எதிரில் மாட்டக் கை வரவில்லை. சில நாள் சோடா பெட்டிக்குப் பின்னால் மறைத்து மாட்டினார். அவள் எட்டிப் பார்த்துவிடுவாள். எட்டிப் பார்த்ததில் ஸ்ரீநிவாசராகவன் சாரின் அரைக்கைச் சட்டை முதுகில் இஸ்திரிப் பெட்டி படிந்து, ஒரு ஓட்டை விழுந்தது. மனுஷன் தங்கமானவர், வாயே திறக்கவில்லை. யுத்தம் என்றால் சேதாரம் இருக்கத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டிருப்பார்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் குப்புராஜ் போஸ்டரைக் கயிற்றில் மாட்டாமல், கையில் விரித்துப் பிடித்தபடியே ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். பஸ்காரன் பிரேக் போட்டுத் திட்டியதுகூட அவர் காதில் விழவில்லை. ‘பாலைவனத்தில் பட்டினி நடை! ராஜகீழ்ப்பாக்கம் டிரைவர் கண்ணீர்ப் பேட்டி!’

“கன்னிம்மா, உன் ஆளு! போட்டோ போட்டுக்கீறான் பாரு!”

மூன்றாம் பக்கத்தில் தாடியும் குழிவிழுந்த கண்ணுமாய் துரையேதான். கன்னியம்மா கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். ஜங்ஷனே கூடிவிட்டது. யாரோ கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒட்டகப் பால் குடித்தானாம். மணலில் விழுந்து எழுந்தானாம். கடைசி வரிக்கு வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. ‘நேற்று முன்தினம் பம்பாயிலிருந்து சென்ட்ரல் வந்து சேர்ந்த துரை நமது நிருபரிடம் இவ்வாறு கூறினார்.’

“முந்தாநேத்தே வந்துட்டானா?”

சென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தாம்பரம். குவைத்திலிருந்து வரத் தெரிந்தவனுக்குப் பார்க்கிலிருந்து வரத் தெரியவில்லையா? “கவர்ன்மென்ட் ஏதாவது ரகசிய விசாரணை...” என்று இழுத்த ஸ்ரீநிவாசராகவன் சார், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். உயிரோடு இருக்கிறானே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். ஊருக்கெல்லாம் பேட்டி கொடுத்துவிட்டுப் பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லாத ஆத்திரம் ஒரு பக்கம். அன்றைக்கு அவள் சோறு ஆக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. துபாய், குவைத் என்று போனவர்கள் டாக்சி கூரையில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குகிற ரோட்டில், பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டி எதிரில் வந்து நின்றான். கன்னியம்மா நிமிரவில்லை. ஒரு பேன்ட்டை எடுத்து விரித்தாள்.

“பட்டினியா நடந்தியாமே?”

“எங்க நடந்தேன், லாரில வந்தேன். ஜோர்டான்ல கேம்ப்ல வரட்டு ரொட்டி குடுத்தான்.”

“ஒட்டகப் பால்?”

“ஒட்டகத்தையே நான் கிட்டக்க பார்த்தது இல்ல. அவனா எழுதிக்கினான்.”

“கண்ணீர் வுட்டது? அதுவும் அவன் எழுதுனதா?”

துரை பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

“அது நெசந்தான்.”

“இன்னாத்துக்கு?”

“பிளாட்பாரத்துல குந்திகினு இருந்தேன். இன்னாய்யா, வூட்டுக்குப் போவலியா, பொண்டாட்டி தேடாதான்னு அந்தப் பேப்பர்காரன் கேட்டான். அப்போதான் வந்துருச்சு.” எதிர்க் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். “எல்லாம் அங்கியே பூட்ச்சு கன்னி. உனுக்கு ஒரு பொடவைகூட இல்ல. வெறுங்கையோட இந்த ஜங்ஷன்ல எப்டி வந்து எறங்குறது? ரெண்டு தபா தாம்பரம் வரிக்கும் வந்துட்டு, திரும்பிப் பூட்டேன்.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சட்டை முழுக்கப் பிளாட்பாரத் தூசி. பின்பக்கம் படுத்துப் படுத்துக் கசங்கிக் கிடந்தது. எதிர்க் கடையில் குப்புராஜும், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டமும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்ட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“சட்டைய கயட்டு” என்றாள்.

“இங்கியா?”

“கயட்டுன்னா கயட்டுய்யா.”

நடு ஜங்ஷனில் துரை பனியனோடு நின்றான். அவள் தண்ணீர் தெளித்து, உதறி, காலரில் தொடங்கிக் கைமடிப்பு, முதுகு என்று அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். காலனிக்காரர் துணிக்குக்கூட அவள் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை. மடிப்புக் கலையாமல் அவன் தோளில் போட்டு, பட்டனையும் அவளே மாட்டிவிட்டு, மஞ்சள் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“இப்போ நட. நான் கூட வர்றேன்.”