அன்சிலாவின் கோடு

திரையில் அந்தச் சிவப்புக் கோடு ஆறு நாள் கீழே தவழ்கிறது, ஏழாம் நாள் மட்டும் எழுந்து மற்ற முப்பத்தொரு கோடுகளோடு சேர்ந்துகொண்டு மறுபடியும் விழுகிறது, நான்கு வாரமும் இப்படியே, நிஜம் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அறிவியல் என்றாலே கொட்டாவி விடும் பத்தாம் வகுப்புக்கு ஆளுக்கொரு தெர்மாமீட்டர் கொடுத்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுச் சூட்டைக் குறிச்சிட்டு வாங்க, கம்ப்யூட்டர் படம் போட்டுக் காட்டும் என்றவள் நான்தான், அவரவர் வீடு கோடாக எழுந்தபோது, ஏட்டி, உங்க வீடு என்ன அடுப்பா என்று சிரித்துத் தள்ளினார்கள், அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அன்சிலாவின் கோட்டைக் கண்டேன், கடற்கரைத் தெருவில் ஓட்டு வீடு, ஐந்து டிகிரி எப்படிக் குறையும், ஞாயிறு மட்டும் யாரையோ பார்த்து எழுதினாளோ, தெர்மாமீட்டரைப் பாத்து எழுதினியா, சும்மா அடிச்சு விட்டியா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன், பாத்துத்தான் டீச்சர் எழுதினேன் என்றாள், ஏன், உங்க வீடு மட்டும் ஊட்டியிலயா இருக்கு என்றேன், வகுப்பு சிரித்தது, மறுநாள் பதினொன்றாம் வகுப்பு விருப்பத் தாளில் சயின்ஸ் குரூப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள், அன்று கனவில் அந்தக் கோடு படிக்கட்டாகி நான் இறங்கிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போகிறேன், கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன், வாங்க டீச்சர் என்று அவள் அம்மா நாற்காலி போடுகிறாள், சுவர் ஆணியில் தெர்மாமீட்டர், இருபத்தேழு, நம்பாமல் தட்டினேன், தட்டிய விரல் சுவரில் பட்டுச் சிலிர்த்தது, பின்னாடி ஐஸ் கம்பெனில்லா டீச்சர், எப்பவும் இப்படித்தான், நாளைக்கு ஞாயித்துக்கிழமை, யாரும் கடலுக்குப் போவ மாட்டாவ, மெஷினு ஓடாது, வீடு புழுங்கித் தள்ளிரும் என்கிறாள் அம்மா, இதை ஏன்ட்டி அன்னைக்கே சொல்லல என்றேன், அடிச்சு விட்டியான்னுதான டீச்சர் கேட்டீங்க, ஏன் இப்படி இருக்குன்னு கேக்கலியே என்றாள் அன்சிலா.

விருப்பத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து, கிழிச்சிரட்டுமா என்றேன், நாளைக்கும் வந்து பாத்துட்டுக் கிழிங்க டீச்சர், பாக்காம எதையும் நம்பக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க, அவள் முகத்தில் சிரிப்பில்லை.

ஞாயிறு ஐந்து மணி, அதே சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்கிறேன், வெதுவெதுக்கிறது, பின்னால் ஒரு சத்தமும் இல்லை, முப்பத்திரண்டு, பென்சிலை என்னிடம் கொடுத்து, நீங்களே எழுதுங்க என்கிறாள், எழுதுகிறேன், கோடு எழுகிறது, ஊர் முழுக்கக் கரையில் இருக்கும் நாளின் உயரத்துக்கு.