முழுப் பூசணி வேண்டாம்

விடுமுறை விருந்துக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் மனைவி அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏங்க, இந்த வருஷம் கறி கிடையாது. எல்லாம் காய்தான். முட்டை, பால்கூட இல்ல."

ஒருவெட்டுக்காரர் தன் காதையே நம்பவில்லை. முப்பத்தோரு வருஷமாகக் கறிக்கடை வைத்திருக்கிறவர். எவ்வளவு பெரிய எலும்பானாலும் ஒரே வெட்டில் இறக்கிவிடுவார் என்று கடைத்தெரு வைத்த பெயர் அது. அவர் வீட்டு விருந்தில் கறி இல்லையென்றால் ஊர் சிரிக்காதா?

"யாரு யோசனை இது?"

"மருமகதான். உடம்புக்கு நல்லதாம்," என்று சொல்லிவிட்டு மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அங்கேதான் அவருக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

நியாயமாகப் பார்த்தால் மனிதர் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வருஷா வருஷம் சுட்ட ஆட்டுத் தொடையை முழுசாக மேசையில் வைப்பார்கள். அவர் எழுந்து நின்று தலைக்கு ஒரு துண்டாக வெட்டி வைத்தால்தான் மற்றவர்கள் தட்டைத் தொடுவார்கள். இந்த வருஷம் அவருடைய வலது கை நடுங்குகிறது. நாலு மாசமாக நடுங்குகிறது. கடையில் விடிவதற்குள் கதவை முக்கால்வாசி இறக்கி வைத்துக்கொண்டு, ஆள் வருவதற்கு முன்பே மெல்ல மெல்ல வெட்டி அடுக்கிவிடுவார். வீட்டில் தெரிந்தால் மகன் மறுநாளே கடையை மூடச் சொல்லுவான். கடை போய்விட்டால் அவர் யார்? டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு கிழவன், அவ்வளவுதானே! விருந்தன்று விரலில் காயம் என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொள்ள, மருந்துக்கடையில் துணிச்சுருள்கூட வாங்கி வைத்தாயிற்று.

இப்போது கேட்காமலே தப்பிக்க வழி கிடைத்திருக்கிறது. கேட்காமல் கிடைத்ததுதான் உறுத்தியது. இந்த வீட்டில் கேட்டதே கிடைப்பதில்லை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். மருமகள் பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் சாயங்காலம் வந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் உட்காருகிறவள். சிரித்துக்கொண்டே ஆளை அந்த நாற்காலியில் சாய்த்துவிடுகிற கூட்டம் அது, அந்தச் சிரிப்பை நம்பலாமா? மாமியாரும் மருமகளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசினார்கள். அவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. மனைவி ஒரு தாளைச் சட்டென்று மடித்தாள்.

"மாமா, இது பாதாம் பால்ல போட்ட டீ. குடிச்சுப் பாருங்களேன்."

"அரை டம்ளர் போதும்மா," என்றார். இப்போதெல்லாம் எதுவுமே அரை டம்ளர்தான். முழுசாக இருந்தால் தளும்பிவிடும். மோந்து பார்த்தார். பாலில் தப்பில்லை. தப்பு வேறெங்கோ இருந்தது.

மறுநாள் மகன் கடைக்கு வந்து இரும்புக் கதவை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா அளவெடுக்கிற?"

"சும்மாதான்பா."

சும்மாவாம்! முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கதவை யாரும் சும்மா பார்த்ததில்லை. இனி சந்தேகமே இல்லை. வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, நைசாகப் பேசி, கடையை மூடச் சொல்லப்போகிறார்கள். முதலில் வீட்டை விட்டுக் கறி, அப்புறம் கடை. சூத்திரதாரி மருமகள்.

அன்று சாயங்காலம் அவள் பையில் காளானோடு நுழைந்ததும் வெடித்துவிட்டார்.

"கறிக்கடைக்காரன் வீட்டுக்கு வாழ வந்துட்டு கறியைக் கண்டா ஆகலன்னா எப்படிம்மா? அவ்வளவு கேவலமா என் தொழில்?"

மருமகள் முகம் சுண்டிவிட்டது. "இல்ல மாமா..." என்று தொடங்கி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகள் காளானை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பார்வையே போதாதா சாட்சிக்கு?

விருந்துக்கு முதல் நாள் காலை மனைவி குளிக்கப் போனதும், தன் வீட்டிலேயே திருடனைப்போல டப்பாக்களை உருட்டினார். பருப்பு டப்பாவுக்குள் அந்தத் தாள் இருந்தது. மனைவியின் கையெழுத்து. பாதி அடித்திருந்தது.

முழுப் பூசணி அடுப்பில் சுட்டது: வேண்டாம், வெட்டணும்.
பெரிய ரொட்டி: வேண்டாம், அவரையே அறுக்கச் சொல்லுவாங்க.
சூப்: வேண்டாம், கரண்டி தளும்பும்.
பயறு உருண்டை: சரி, கையால எடுத்துக்கலாம்.
காளான்: சின்னதா, முன்னாடியே நறுக்கிடணும்.
டீ: எல்லாருக்குமே அரை டம்ளர்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். தாளோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஈரத் தலையோடு வந்த மனைவி தாளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"நீங்க டீயைப் பாதி பாதியா கேக்க ஆரம்பிச்ச அன்னைக்கே."

"பையனுக்கு?"

"யாருக்கும் சொல்லல. நீங்களே மறைக்கிறதை நான் எப்படிச் சொல்றது? அவன் உங்க கடைக் கதவுக்கு பெயிண்ட் வாங்கி வச்சிருக்கான்."

"அப்போ மருமக?"

"யோசனை என்னுதுதாங்க. கறி வேணாம்னது நீதான்னு சொல்லிக்கறேன்னு அவகிட்ட சொன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல அந்தப் பொண்ணு. அத்தை சொன்னா சரின்னா. நீங்க அப்படித் திட்டினப்பவும் வாயைத் திறக்கல."

ஐந்து நாளாக வீட்டிலுள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டார். வீட்டில் மறைத்துக்கொண்டு திரிந்தவர் அவர்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டாக்டர்கிட்ட காட்டலாங்க," என்றாள் மனைவி.

"காட்டலாம். பேனா எங்க?"

மேசையில் தாளை விரித்து, நடுங்கும் கையாலேயே கீழே எழுதினார். நேரம் பிடித்தது. மனைவி உதவப் போகவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

'முழுப் பூசணி வேணும். மருமக வெட்டட்டும். என் கத்தி.'

ஒவ்வொரு எழுத்தும் கோணிக்கொண்டு நின்றது. படிக்கிற யாருக்கும் விஷயம் விளங்கிவிடும். அவர் அதை மடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில், மகனும் மருமகளும் வந்ததும் முதலில் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டினார்.