பின்னிருக்கையின் பேரில் ஒன்பது சலான்

என் பேரில் ஒன்பது சலான்கள் இருந்தன. ஒன்பதும் ஒரே குற்றத்துக்கு. பின்னால் அமர்ந்திருப்பவர் தலைக்கவசம் அணியவில்லை. ஒன்பது படங்களிலும் என் பின்னால் என் மனைவி கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். அவள் என் வண்டியிலிருந்து இறங்கி ஆறு வருடம் ஆகிறது.

அவள் இறங்கியது நாலு மில் சிக்னலில். அங்கே ஒரு மில்கூட இல்லை, அது வேறு விஷயம். அன்று சிக்னலைத் தாண்டிப் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சிக்னலுக்குச் சற்று முன்பே இறங்கிக்கொள்வார். ஓட்டுகிறவர் ரொம்ப யோக்கியமாகத் தனியாளாகப் போலீஸைக் கடப்பார். இறங்கியவர் யாரோ பாதசாரி என்று நடந்து வந்து, நூறடி தள்ளி மறுபடி ஏறிக்கொள்வார். போலீஸுக்கும் இது தெரியும். வெயிலில் அவர்களும் எத்தனை பேரைத்தான் பிடிப்பார்கள்.

"எறங்கி நடந்து வா. அந்தப் பக்கம் ஏறிக்கலாம்" என்றேன்.

"நில்லுங்க. உங்க பாட்டுக்குப் போயிறாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பச்சை விழுந்தது. போலீஸைக் கடந்தேன். நூறடியையும் கடந்தேன். நிற்கவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அன்று காலை ஒரு கடைக்காரர் வலது கண் லென்ஸை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டார். வாங்கிப்போனவர் மாலையில் திரும்பி வந்து, இப்போதுதான் எல்லாம் சரியாகத் தெரிகிறது என்று நன்றி சொன்னாராம். இந்தக் கதையை அவளிடம் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன். வீட்டு வாசலில் கதை முடிந்தது. அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

உடனே திரும்பிப் போனேன். அதற்குள் அந்தச் சாலையை அகலப்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் தெரியவில்லை. போலீஸ்காரரிடம் கேட்டேன். மல்லிகைப் பூ வைத்த ஒரு அம்மா கடந்துகொண்டிருக்கிறார், பார்த்தேன் என்றார். இன்னும் பாதி தூரம்கூட வரவில்லையாம். காத்திருந்தேன். இருட்டியதும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஆறு வருடமாக அந்தச் சாலையை அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அவள் நடந்துகொண்டே இருக்கிறாள். பக்கத்து வீட்டில் கேட்டால், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்வேன். அது பொய் இல்லை. அவள் அண்ணன் முதல் வருடம் மட்டும் சண்டைக்கு வந்தார். பிறகு அவரும் சாலை ஒப்பந்தக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் நாலு மில் சிக்னலில் கேமரா வைத்தார்கள். சலான்கள் வரத் தொடங்கின.

முதல் படத்தில் அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து என் தோளில் கை வைத்திருந்தாள். மூன்றாவதில் கை தோளில் இல்லை, பின்கம்பியைப் பிடித்திருந்தது. ஆறாவதில் உடம்பு இடது பக்கம் சரிந்திருந்தது. ஒன்பதாவதில் ஒரு கால் மிதிகட்டையில் இருந்தது, இன்னொரு கால் தரையில் இருந்தது. அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அவள் செருப்பு புதிது.

பயிற்சி நிலையத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதன் தாழ்வாரம் ஒரு சலானுக்குப் பத்தடி நீளம். எனக்கு முன்னால் ஒற்றைச் சலானோடு வந்த பெண் கதவைத் திறந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் தொண்ணூறடி நடந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்திருந்தார்.

முடிவில் மயிலாத்தாள் என்கிற அலுவலர் இருந்தார். நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னார். பத்தாவது சலான் வந்தால் ஓட்டுநர் உரிமம் ரத்து. உரிமம் இல்லாதவருக்கு இந்த ஊரில் எந்தச் சிக்னலும் பச்சை காட்டாது. ஆனால் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை தற்காப்பு ஓட்டுநர் பயிற்சிக்கு வந்தால், வாரத்துக்கு ஒரு சலான் தள்ளுபடி. கடைசி வாரம் தேர்வு. தேறினால் சுத்தமான ஆள், தேறாவிட்டால் ஒன்பதும் மறுபடி கணக்கில் ஏறும்.

"படமெல்லாம் என்னாகுமுங்க?" என்று கேட்டேன்.

"அழிச்சுருவோமுங்க."

"அதுல இருக்கறவங்க?"

அவர் கணினியில் தேடிப் பார்த்தார். "படத்துல இருந்தாப் படத்தோட போயிருவாங்க. வெளிய இருந்தா அது எங்க பிரிவு இல்லீங்க."

உரிமம் இல்லாவிட்டால் நான் நாலு மில் சிக்னலுக்கே போக முடியாது. அவள் கடந்து வந்து சேரும்போது நிற்பதற்கு வண்டி இருக்காது. உரிமம் வேண்டுமென்றால் படங்கள் போய்விடும். இந்த ஆறு வருடத்தில் அவளைப் பார்த்தது அந்த ஒன்பது படங்களில்தான். மயிலாத்தாள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை. வேறு பேனா கொடுத்தார்.

குற்றத்தில் இரண்டு பேர் என்பதால் வகுப்பில் எனக்கு இரண்டு நாற்காலி. வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். "திருமூர்த்தி." உள்ளேன் என்றேன். அடுத்து கோகிலவாணி. நடந்து வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். தாமதம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் எழுதினார்கள். தேநீர் மட்டும் இரண்டு வைத்தார்கள்.

பயிற்றுநர் பெயர் செங்கோட்டுவேல். வாயில் எப்போதும் விசில் இருக்கும். பேசும்போதும் எடுக்க மாட்டார். அவர் வாழ்நாளில் எந்த வண்டியும் ஓட்டியதில்லை, டவுன் பஸ்ஸில்தான் வருவார். அதனால் அவர் மேல் ஒரு சலான்கூடக் கிடையாது. அதுதான் தகுதி.

முதல் வகுப்பில் அவர் சொன்னது: தற்காப்பாக ஓட்டுவது என்றால், எதிரே வருகிறவன் தவறு செய்வான் என்று நினைத்து ஓட்டுவது. எல்லோரும் எழுதிக்கொண்டோம். நான் கை தூக்கினேன். தவறு செய்கிறவன் நானாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் பாடத்திட்டத்தைப் புரட்டினார்.

"அதுக்குப் பாடம் இல்லீங்க" என்றார். விசிலும் கூடவே ஊதியது.

அன்று மாலை முதல் படத்திலிருந்து அவள் போய்விட்டாள். கைப்பேசியில் திறந்து பார்த்தேன். நான் மட்டும் வண்டியில் இருந்தேன். தோளில் கை இருந்த இடத்தில் சட்டை கொஞ்சம் கசங்கியிருந்தது. கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் காளியண்ணன், பால் டேங்கர் ஓட்டுகிறவர். வேகத்தடையை மதிக்கவில்லை என்று பதினான்கு சலான், பெரிய வண்டிக்கு வரம்பு இருபதாம். மூன்றாம் வாரம் அவர் வேகத்தடையாகிவிட்டார். நிலையத்து வாசலுக்குக் குறுக்கே படுத்திருந்தார். வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அவர் மேல் மெதுவாகவே போனோம். அவர் மனைவி தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் குனிந்து, இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். வண்டிகள் நின்றுதான் போகின்றன, மரியாதையாக இருக்கிறது என்றார்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவர் மனைவிக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும்.

ஐந்தாம் வாரம் கண்ணாடிப் பாடம். செங்கோட்டுவேல் என் வண்டியைச் சுற்றிவந்தார். கைப்பிடியில் இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லை. எங்கே என்று கேட்டார். வீட்டில் அலமாரியில் இருக்கிறது என்றேன். எதற்காக என்றார். நெரிசலில் உடைந்துவிடும் என்று வண்டி வாங்கிய அன்றே கழற்றிப் பத்திரமாக வைத்தேன் என்றேன். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களுடையதும் அலமாரியில்தான் இருந்தது.

"எட்டு விநாடிக்கு ஒருக்காப் பின்னாடி பார்க்கோணும். முன்னாடி பார்க்கறது எல்லாரும்தான் பார்க்கறாங்க" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடிகளை எடுத்துத் துடைத்தேன். மஞ்சள், குங்குமம் வைத்துப் பூஜை போட்ட கறை இன்னும் இருந்தது. அவள் வைத்தது. துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். மாட்டினேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது எட்டு விநாடிக்கு ஒருமுறை பார்த்தேன். சாலை தெரிந்தது. வேறு வண்டிகள் தெரிந்தன. அந்த எட்டு விநாடியை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், நூறடிக்குள் ஒரு தடவையாவது பார்த்திருப்பேன். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரமாக நிறுத்திவிட்டுப் பிறகு போனேன்.

எட்டாம் வாரத்துக்குள் எட்டுப் படங்கள் போய்விட்டன. ஒன்பதாவது மட்டும் இருந்தது.

ஒன்பதாம் ஞாயிறு காலை மயிலாத்தாள் ஒரு படிவம் கொடுத்தார். கடைசிப் படத்தில் தெளிவில்லை என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். படிவத்தில் ஒரே வரி இருந்தது. பின்னிருக்கை நபர் இறங்குகிறார், ஏறுகிறார். பொருந்தாததை அடிக்கவும்.

இறங்குகிறார் என்றால் விஷயம் சுலபம் என்று விளக்கினார். தேர்வு முடிந்ததும் படத்தை அழித்துவிட்டு என்னைத் தனியாள் என்று பதிவுசெய்வார்கள். ஏறுகிறார் என்றால் பயணம் முடியவில்லை என்று அர்த்தம். முடியாத பயணத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது.

நான் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். ஒரு கால் மிதிகட்டையில், ஒரு கால் தரையில். ஒன்பது வாரமாக இறங்குகிறாள் என்றே நினைத்திருந்தேன். அடுத்த படத்தில் இருக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியுதுங்க?" என்று கேட்டேன்.

மயிலாத்தாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "நின்ன படமுங்க. அதுல எப்படித் தெரியும்? வண்டி நின்னுதா போச்சான்னு ஓட்டுனவருக்குத்தான் தெரியும்."

தேர்வு முடிந்து தரலாம் என்றார். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தேர்வு நாலு மில் சிக்னலில் நடந்தது. விதி ஒன்றுதான். பச்சை விழுந்து மூன்று விநாடிக்குள் வண்டி நகர வேண்டும். பச்சையில் நிற்பது குற்றம். செங்கோட்டுவேல் நடைபாதையில் டவுன் பஸ் நிறுத்தக் கூரையின் கீழ் நின்றிருந்தார். சாலை இப்போது மேலும் அகலமாகியிருந்தது. அந்தப் பக்கம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தேறினார்கள். என் முறை வந்தது. சிவப்பில் நின்றேன்.

பச்சை விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

நான் நகரவில்லை.

பின்னால் வண்டிகள் ஆரன் அடித்தன. ஒரு பேருந்து அடித்தது. செங்கோட்டுவேல் விசில் ஊதினார். பிறகு, நான் அறிந்தவரையில் முதல் தடவையாக, விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏனுங்க, போங்க. பச்சை."

"ஆள் ஏறோணுமுங்க."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு சாலையின் அகலத்தைப் பார்த்தார். "நேரமாகுமுங்க" என்றார்.

"ஆகட்டுமுங்க. நிக்கச் சொல்லிட்டுத்தான் போனா."

இடது காலால் பின்மிதிகட்டையைத் தட்டி இறக்கிவிட்டேன். ஆறு வருடமாக மடங்கியே இருந்ததால் துரு பிடித்திருந்தது. இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது. சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, இறங்குகிறார் என்பதை அடித்தேன். பேனா இந்தத் தடவை எழுதியது.

கேமரா ஒருமுறை மின்னியது. அது பத்தாவது. செங்கோட்டுவேல் குறித்துக்கொண்டார். டவுன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

பச்சை போய்ச் சிவப்பு வந்தது. சிவப்பு போய்ச் சிவப்பே வந்தது. எனக்கு இனிமேல் பச்சை கிடையாது. பின்னாலிருந்த வண்டிகள் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன. வெயில் ஏறியது. எஞ்சினை அணைத்தேன்.

சற்று முன் மல்லிகைப் பூ வாசம் வந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, சிக்னல் ஓரத்தில் பூக்காரர்கள் உண்டு. பிறகு வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி, இடது பக்கம்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆறு வருடத்தில் இதுதான் முதல் பயம். என்ன பேசுவது என்று தெரியாமல், இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிய கடைக்காரரின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னேன். நன்றி சொன்ன இடம் வரை சொல்லி முடித்துவிட்டேன்.

எட்டு விநாடிக்கு ஒருமுறைதான் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். ஏழு வரை எண்ணியிருக்கிறேன்.