சக்கரமில்லாத விமானத்துக்கு எலுமிச்சம்பழம்

மண்ணைவிட்டு மேலே எழும்பும் ஆசைதான் மனிதனை மற்ற ஜீவராசிகளிடமிருந்து பிரித்தது என்பான் ரெமிஜியஸ். அவன் அப்படி எழும்பியது 2003இல், பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில், வாசலை ஒட்டிய பத்துக்குப் பத்து அறையில். கரண்ட் இருந்தால் லண்டன் வரை போகலாம். கரண்ட் போய்விட்டால் நடுவானில் கொசு கடிக்கும்.

தங்கவயலில் பிறந்த ரெமிஜியஸுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் பேனல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மற்ற நேரம் முழுக்க அவன் கேப்டன். அறையில் அவன் கட்டியிருந்தது பெரிய பயணி விமானத்தின் காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை; முன் கண்ணாடிக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை. அதை யாராவது 'கம்ப்யூட்டர் கேம்' என்று சொல்லிவிட்டால் அன்று அவர்களுக்கு டீ கிடையாது.

இருக்கைகள் இரண்டும் ஆயுள் முடிந்த ஒரு சொகுசு பஸ்ஸிலிருந்து வந்தவை. சாய்க்கும் பிடி தப்பான பக்கம் இருந்ததால், கேப்டன் சாய வேண்டுமென்றால் கோ-பைலட்தான் இழுக்க வேண்டும். தலைக்கு மேல், பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கிலோ கணக்கில் வாங்கிய ஸ்விட்சுகள். சில வேலை செய்தன, மற்றவை மரியாதைக்கு. சக்கரங்களை இறக்கும் பிடி ஒரு சமையலறைக் குழாயின் கைப்பிடி. சக்கரங்கள் இறங்கியதும் மூன்று பச்சை பல்புகள் எரியும்; கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் இருந்து எடுத்தவை. தரை நெருங்கும்போது ஏதாவது தவறிவிட்டால் எச்சரிக்கை மணி அடிக்கும். அது வாசலில் இருக்கும் காலிங் பெல்லோடு பிறந்த இன்னொரு காலிங் பெல். எங்கே மோதினாலும் விமானம் உடையாத ஒரு வசதி மென்பொருளில் இருந்தது. ரெமிஜியஸ் அதை முதல் வாரமே போட்டுவிட்டான். தினமும் சாவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளைச் சட்டையும் உண்டு. தோளில் தங்கக் கோடுகளை வைத்துத் தைத்தவள் மனைவி ஷோபா.

"மூணு கோடு போதாதாங்க? ஜரி கம்மியா இருக்கு."

"மூணு வெச்சா கோ-பைலட்டுடி."

கோ-பைலட் ஷோபாவின் அண்ணன் தாஸ். தங்கவயல் சுரங்கத்தில் ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர். சுரங்கம் மூடிய பிறகு தங்கையின் வீட்டோடு வந்துவிட்டார். மணிச் சத்தம் கேட்காமல் லீவரைத் தொட மாட்டார். கேட்டால் அதற்கு எதிராகவும் போக மாட்டார். கூண்டு ஓடும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. வீட்டில் மிக்ஸி ஓடும்போது காலிங் பெல் அடித்தாலும் போய் நிறுத்திவிடுவார்.

ஷோபா ஜாக்கெட் தைப்பவள். தையல் மிஷின் சமையலறையில், கேஸ் அடுப்புக்கு அரை கை தூரத்தில் இருந்தது.

"கல்யாணப் பட்டு ஜாக்கெட்ல கருவாட்டு வாசனை வருதுன்னு நேத்து ஒரு அம்மா திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு. இந்த ரூம் எனக்கு வேணும்" என்றாள்.

"அது ரூம் இல்லை ஷோபா. காக்பிட்."

"யாரு சொன்னா? நீங்கதான சொல்றீங்க? நெஜமா ப்ளேன் ஓட்டினவர் ஒருத்தர் வந்து குந்திப் பாத்து, இது ப்ளேன்தான்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். பொம்மைன்னு சொன்னா, மறுநாளே மிஷின் உள்ள வரும்."

ரெமிஜியஸ் ஒப்புக்கொண்டான். நிஜ விமானி ஹெப்பகோடியில் எங்கிருந்து வரப்போகிறார் என்ற தைரியம். ஆனால் பக்கத்து லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்திருந்த காந்தா மாமி ஷோபாவிடம்தான் ஜாக்கெட் தைத்தாள். மாமியின் கணவர் கேப்டன் சேஷகிரி, ஓய்வு பெற்ற விமானி. ஓய்வு பெற்ற பிறகும் காய்கறிக்காரரிடம் ஆங்கிலத்தில் அறிவிப்பு செய்பவர். அழைத்ததும் ஒப்புக்கொண்டார். அவரை எதற்கும் அழைத்து வெகுநாளாகியிருந்தது.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே பங்குச் சாமியார் வந்து காக்பிட்டுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போயிருந்தார். ஷோபாவுக்கு அது போதவில்லை. ரெமிஜியஸ் கம்பெனியில் ஜாதி மதம் பார்க்காமல் எல்லா மிஷினுக்கும் குங்குமம், எல்லா வண்டியின் சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். புருஷன் தோற்கட்டும், அறை வரட்டும், ஆனால் பெரிய மனுஷர் முன்னால் அசிங்கப்படக் கூடாது என்று நினைத்தவள், காலையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு உள்ளே போனாள். சக்கரத்தைத் தேடினாள். இல்லை. கால் வைத்து மிதிக்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே வைத்துவிட்டு வந்தாள்.

கேப்டன் சேஷகிரி டையோடு வந்தார். வாசலில் நின்று அறையை ஒரு முறை பார்த்தார்.

"நான் உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவேன், மிஸ்டர் ரெமிஜியஸ். பொம்மையா, ப்ளேனான்னு."

அவர் இடது இருக்கையில் அமர்ந்தார். சாய வேண்டும் என்றார். தாஸ் பிடியை இழுத்தார். கேப்டன் எதிர்பார்த்ததைவிட நிறையவே சாய்ந்தார்.

பெங்களூரின் மேல் பறந்து விமான நிலையத்தை நெருங்கினார்கள். "கியர் டவுன்!" என்று சேஷகிரி கர்ஜித்தார். தாஸ் குழாயைத் திருகினார். பச்சை பல்புகள் எரிந்தன. ரெமிஜியஸ் பின்னால் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தான். சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் வலப்பக்கம் இழுத்தது. கேப்டன் இடது பெடலை மிதித்தார். அது அசையவில்லை. இன்னும் பலமாக மிதித்தார். விமானம் ஓடுதளத்தை விட்டிறங்கிப் புல்லுக்குள் நிதானமாகப் போய் நின்றது.

"ரட்டர் வேலை செய்யலை, மிதிச்சாலும் திரும்பலை" என்றார் சேஷகிரி, கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தபடி. "இது பொம்மை."

மிஷினை எந்தச் சுவரோரம் போடலாம் என்று ஷோபா மூன்று மாதமாக முடிவு செய்து வைத்திருந்தாள். இப்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் ரெமிஜியஸைப் பார்த்தாள். அவன் தோளிலிருந்த கோட்டை ஒரு விரலால் மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். தையல் பிரிந்துவிடும் போலிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் காலைத் தூக்குங்க" என்று குனிந்து, பெடலுக்குப் பின்னாலிருந்து நசுங்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். "நான்தான் வெச்சேன். நல்லதுக்குத்தான் வெச்சேன்."

"ப்ளேன்ல எலுமிச்சம்பழமா?"

"ஏன் சார், உங்க கம்பெனில வெக்க மாட்டாங்களா?" என்றார் தாஸ்.

சேஷகிரி கொஞ்சம் யோசித்தார். "அது எஞ்சினியரிங் டிபார்ட்மென்ட் பார்த்துக்கும்" என்றார்.

எதற்கும் இன்னொரு முறை இறக்கிப் பார்ப்பதாக முடிவாயிற்று. இம்முறை கேப்டனுக்குக் கால் லேசாகிவிட்டது, வாயும்தான். ஒருமுறை சிங்கப்பூரில் புயல் மழையில், கண் தெரியாமல், முழு விமானத்தையும் பூவைப் போல இறக்கிய கதையைச் சொல்லத் தொடங்கினார். மின்னல் வரும் இடத்தில் கையைத் தூக்கிக் காட்டினார். அவர் உத்தரவுக்காகத் தாஸ் குழாய்மேல் கை வைத்துக் காத்திருந்தார். சிங்கப்பூரும் பெங்களூரும் ஒன்றாக நெருங்கின.

மணி அடித்தது.

"யாரோ வந்திருக்காங்க" என்று ஷோபா போய் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. ஒரு மணி என்பதால் தாஸ் குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். கேப்டன் சிங்கப்பூரில் இறங்கிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் வழக்கத்தைவிடக் கரகரப்பு கொஞ்சம் அதிகம். விமானம் ஓடுதளத்தின் நட்டநடுவில், கோடு மாறாமல், சீக்கிரமாகவே நின்றது.

"பார்த்தேளா? பூ!" என்றார் சேஷகிரி. அவர் கண் கலங்கியிருந்தது. "மிஸ்டர் ரெமிஜியஸ், இது ப்ளேன்தான். நூத்துக்கு நூறு ப்ளேன். அந்த ஜெர்க்கு கூட அப்படியே இருக்கு."

ரெமிஜியஸ் ஸ்டூலை விட்டு எழுந்தான். சல்யூட் அடித்தான். பதிலுக்குக் கேப்டனும் அடித்தார். மேலே இருந்த ஒரு ஸ்விட்ச் உடைந்தது. மரியாதைக்கு வைத்த ஸ்விட்ச்தான்.

சொன்ன வாக்குப்படி ஷோபா வாயைத் திறக்கவில்லை. கதவோரம் நின்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸுக்கு அது தாங்கவில்லை.

"மச்சான், எழுந்திரு. ரைட் ஸீட்டு இனிமே அவளுக்கு. மிஷினை முன்னாடி போட்டுக்கட்டும்."

"அப்ப நான்?"

"நீ பாசஞ்சரு."

தாஸுக்கு அது பதவி உயர்வாகவே பட்டது. ஸ்டூலில் போய் உட்கார்ந்து டீ கேட்டார்.

அந்த வாரமே மிஷின் காக்பிட்டுக்கு வந்தது. பம்பாய்க்கு மேலே பறக்கும்போது ஷோபா கொக்கி கட்டினாள், இறங்குவதற்குள் காஜா முடித்தாள். பட்டு ஜாக்கெட்டில் கருவாட்டு வாசனை போய்விட்டது. அளவு கொடுக்க வரும் பெண்களை ரெமிஜியஸ் எழுந்து நின்று வரவேற்றான். ஞாயிறுதோறும் கேப்டன் சேஷகிரி வந்து சிங்கப்பூரில் இறங்கினார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அன்றைக்கு இரண்டாம் முறை இறங்கியபோது பச்சை பல்புகள் மூன்றும் எரியவில்லை. பியூஸ் போயிருக்கும் என்று மறுநாள் ரெமிஜியஸ் அவற்றைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தான். பல்புகள் நன்றாகவே இருந்தன. கேப்டன் சக்கரங்களை இறக்கவே இல்லை.